ராயபுரத்தில் இறங்க வேண்டும்

புட்லூர் தாண்டுவதற்குள் ஜெரால்டு தூங்கிப்போனான். முதலில் தலை ஜன்னல் கம்பிப் பக்கம் சாய்ந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கியதும் இந்தப் பக்கம் திரும்பி அம்மா ஃபிலோமினாவின் தோளில் வந்து இறங்கியது. அவள் அசையவில்லை. மடியில் அவனுடைய துணிப்பை. அதற்குள் லுங்கி, சட்டைகள், ஒரு சோப்பு டப்பா, போதை மறுவாழ்வு இல்லத்தில் எழுதிக் கொடுத்த மாத்திரைகள். மாத்திரையை விடுவதற்கும் மாத்திரை. தோளில் தலை கனத்தது, இத்தனை கனமாகவா இருக்கும் ஒரு தலை, சின்னப் பையனாக வேளாங்கண்ணிக்குப் போனபோது இதே தோளில்தான் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தான், அப்போது தேங்காயெண்ணெய் வாசனையும் வாயோரம் எச்சிலும். இப்போது ஒட்ட வெட்டிய முடியும் பினாயில் வாசனையும். எச்சில் மட்டும் அதேதான். முந்தானையால் துடைக்கப் போனவள், எழுந்துவிடுவானோ என்று கையை இறக்கிக்கொண்டாள். தூங்கட்டும். ராயபுரம் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. ராயபுரத்தில் இறங்க வேண்டும், வெளியே ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும், மாதா கோயிலைத் தாண்டி உப்புக்கிடங்குச் சந்து முனையில் இறங்கினால் வீடு. எதிர்வீட்டுக் கோமளா காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தாள், சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிடுகிறேன், நீ வந்து அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்தக் கவுன்சிலிங் மேடம் மட்டும் கேட் வரைக்கும் வந்து, "பழைய எடத்துக்கேவா கூட்டிட்டுப் போறீங்க? வேற யாராச்சும் சொந்தக்காரங்க இருந்தா கொஞ்ச நாள் அங்க வெச்சுக்குங்களேன். இவரு நல்லாதான் இருக்காரு. அந்தத் தெருதான்..." என்று முடிக்காமல் விட்டிருக்க வேண்டாம். அந்தத் தெருதான். யாரோ வெளியூர்ப் பெண், சந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவள். ஃபிலோமினாவுக்கு அங்கேயே சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்கு என்ன தெரியும் என் தெருவைப் பற்றி. ஆட்டோவில் ஏறி, டிக்கெட் எடுத்து, வண்டிக்குள் உட்கார்ந்த பிறகும் அந்தக் கோபம் போகவில்லை. போகாமல் இருந்ததற்குக் காரணம் அவள் சொன்னது பொய்யாக இல்லாததுதானோ என்று நினைத்தபோது செவ்வாப்பேட்டை ரோடு வந்துவிட்டது.

அதே மேடம் முதல் நாளிலும் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "எப்பம்மா ஆரம்பிச்சுது? உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு கேக்கல. எப்ப ஆரம்பிச்சுது?" தெரிந்தது எப்போது என்று ஃபிலோமினாவால் சொல்ல முடியும். தையல் மெஷின் காணாமல்போன அன்று. ஆரம்பித்தது எப்போது? அன்றிலிருந்து தேடிக்கொண்டுதான் இருக்கிறாள், பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போதும், தண்ணீர் பிடிக்கும்போதும், கோயிலில் முட்டிபோட்டிருக்கும்போதும். ஒவ்வொரு நாளாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். எல்லா நாளும் நல்ல நாளாகவே இருக்கிறது, அதுதான் வேதனை. சந்தின் நடுவில் மூடிக்கிடந்த உப்புக் கிடங்கின் முன்புறம் பையன்கள் பவளம் கேரம் கிளப் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். தாழ்வாகத் தொங்கும் பல்பு, போரிக் பவுடர் வாசனை, வெளியே நிற்கிறவர்களின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத அமைதி, நடுவில் ஸ்ட்ரைக்கர் போய் மோதுகிற டக். அந்த டக் சத்தத்தை வைத்தே காய் விழுந்ததா இல்லையா என்று வீட்டுக்குள் மெஷின் மிதித்துக்கொண்டே அவள் சொல்லிவிடுவாள். ஜெரால்டுக்கு ஸ்டூல் உயரம் பத்தாது, பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவான். கோமளாவின் மகன் கஜேந்திரன் அவனைவிட இரண்டு வயசு மூத்தவன், எதிரே உட்கார்ந்து விட்டுக்கொடுக்காமல் ஆடுவான், விட்டுக்கொடுத்தால் இவன் அழுவான் என்று அவனுக்குத் தெரியும். பெரம்பூரில் போட்டியில் ஜெரால்டு ஜெயித்து மிக்சி வாங்கி வந்த அன்று கஜா அதைத் தலையில் வைத்துக்கொண்டு சந்து முனையிலிருந்து ஆடிக்கொண்டே வந்தான், என்னமோ அவனே ஜெயித்த மாதிரி. கோமளா ஆப்பக் கரண்டியோடு வெளியே வந்து, "டேய், கீழ போட்டுடாதடா, எனக்குச் சட்னி அரைக்கணும்" என்றாள். அந்த மிக்சியில் இரண்டு வீட்டுக்கும் சட்னி அரைத்தார்கள். அன்றைக்கேவா? சே, அன்றைக்கு இவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அப்புறம் சேவியர், அவள் புருஷன். துறைமுகத்துக்கு வேலைக்குப் போன மனுஷன் சாப்பாட்டு நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்தும் ஜெரால்டு அழவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்தான், பக்கத்தில் கஜா போய் உட்கார்ந்தான், தோளில் கை போட்டிருந்தான். அதைப் பார்த்தபோது ஃபிலோமினாவுக்கு அத்தனை துக்கத்திலும் ஒரு ஆறுதல், என் பிள்ளைக்கு ஆள் இருக்கிறது என்று. அன்றைக்கா? அந்தப் படியிலா? அந்தக் கையிலா? இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் இனிமேல் அந்தப் படியை அந்த ஆறுதலோடு நினைக்க முடியாது. வீட்டிலிருந்து போன பொருள்களையெல்லாம் வாயால் சொல்லிவிடலாம், கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இது போனதை யாரிடம் சொல்வது. ஒரு நல்ல நாளைக்கூட நம்பி எடுத்துப் பார்க்க முடியவில்லையே.

பெருவெள்ளம் வந்த வருஷத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது, அது அவளுடையது. சந்தில் இடுப்பளவு தண்ணீர். கடல் பக்கத்தில் இருந்துகொண்டு மழைத் தண்ணீருக்குப் பயப்படுவதா என்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சாயங்காலத்துக்குள் கோமளா வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஃபிலோமினா கீழேயே நின்று அழுதாள், மெஷின், மெஷின் என்று. கஜா தண்ணீருக்குள் இறங்கினான், அந்தக் கனத்த இரும்பைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்கப் படியேறி வந்தான், ஜெரால்டு பின்னால் அவன் இடுப்பைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு. "அழாத ஃபிலோம்மா, ஊசிகூட உடையல பாரு" என்றான். பையன்கள் நான்கு பேர் தெர்மாக்கோல் பலகையைக் கயிற்றில் கட்டி அதில் வயசானவர்களைக் கொண்டுவந்தார்கள். ஒரே அண்டாவில் கோமளா கஞ்சி காய்ச்சினாள். ஆடி மாதம் கோயில் கூழுக்கு ஃபிலோமினா கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பதும், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கோமளா வீட்டிலிருந்து கரண்ட் இழுப்பதும் வழக்கம்தான் என்றாலும், அந்த மாடியில் இருந்த நாட்களில் யார் எந்த வீடு என்பதே மறந்துபோனது. குளிரில் எல்லோரும் ஒட்டி உட்கார்ந்து, பழைய கதை பேசி, யாருக்கு எதற்குச் சிரிப்பு வந்தது என்று தெரியாமல் சிரித்து. வடிந்த பிறகு சேறு கழுவ இறங்கும்போது கோமளா சொன்னாள், "இன்னும் ரெண்டு நாள் நின்னிருக்கலாம்டி தண்ணி." அந்த வருஷத்தில் இல்லை. நிச்சயமாக அந்த வருஷத்தில் இல்லை. அவள் அதை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டாள்.

ஆவடியில் கூட்டம் ஏறியது. கொய்யாப்பழக் கூடையோடு வந்தவளின் குரலில் ஜெரால்டு கண் விழித்தான். சட்டென்று நிமிர்ந்து, தோளில் சாய்ந்திருந்ததற்கு வெட்கப்பட்டவன்போல் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டான்.

"இன்னா ஸ்டேஷன்மா?"

"ஆவடி. பழம் துன்றியா?"

தலையாட்டினான். அவள் வாங்கிக் கொடுத்த பழத்தை, உப்பு மிளகாய்த்தூள் ஒட்டிய பக்கமாகத் திருப்பிக் கடித்தான். பல் கூசியிருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டான். அவன் ஒன்றை ருசித்துச் சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோமு அத்தை உன்னாண்ட பேசறாங்களாம்மா?"

"பேசாம? உனக்காகக் கொழம்பு வெச்சுக்கினு உக்காந்துங்கீறா."

"எனக்கு எதுக்கு வெக்கறாங்க அவங்க." பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இன்னொரு கடி கடித்துவிட்டு, "கஜா?" என்றான்.

"புழல் ஜெயில்லதான். அவ பாத்துட்டு வந்தா. எளச்சுட்டான்னு சொன்னா."

"அவனையும் என்கூட அங்க சேத்திருக்கணும்மா. மாத்திரை விக்கறவன் போடமாட்டான்னு எல்லாரும் நெனச்சுக்கினு கீறாங்க. அவன் எனக்கு முன்னாடியே போட்டுக்கினு இருந்தான். போடறதுக்குத்தான் வித்தான்." அப்புறம் ஏதோ அதிகமாகப் பேசிவிட்டதுபோல் கொய்யாவின் மீதியை அவளிடம் நீட்டினான். "நீ துன்னு."

அவள் வாங்கிக் கடித்தாள். அவன் மறுபடி கண்ணை மூடினான், தூங்கினானா சும்மா மூடினானா என்று தெரியவில்லை. போடறதுக்குத்தான் வித்தான். அப்படியானால் கஜாவுக்கு எப்போது ஆரம்பித்தது? அவனுக்குக் கொடுத்தது யார்? அவனுக்குக் கொடுத்தவனுக்கு? இப்படியே பின்னால் போய்க்கொண்டிருந்தால் எங்கே போய் முடியும்? சந்தில் யாருக்கும் தெரியாது. வெள்ளைக் கார் ஒன்று எப்போதாவது முனை வரைக்கும் வரும், நிற்காமல் மெதுவாகத் திரும்பிப் போகும், அதற்குள் யார் இருந்தார்கள் என்று பார்த்தவர் கிடையாது. அந்தக் காருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் சந்தில்தான். வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற மாத்திரையாம், புற்றுநோய்க்காரர்கள் சாப்பிடுகிறதாம், அட்டை அட்டையாக எங்கிருந்தோ வருகிறதாம், பெயர்கூட முதலில் அவளுக்கு வாயில் நுழையவில்லை. முதலில் திருடுபோனது தெருக்குழாய் மோட்டார். ஒரு நாள் காலையில் பைப் மட்டும் நின்றுகொண்டிருந்தது. புது மோட்டார் வாங்கினார்கள், அதுவும் போயிற்று; அப்புறம் யாரும் வாங்கவில்லை, கல்யாணமாகி வந்த புதிதில் தூக்கினதுபோல் மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய தெருவுக்கு நடந்தார்கள். பிறகு கிளப் போயிற்று. போலீஸ் வந்து பூட்டுப் போட்டார்கள், கேரம் போர்டுகள் உள்ளேயே ஈரத்தில் உப்பிக் கிடக்கின்றன என்றார்கள். சலூன்காரர் பக்கிரி கடையைக் கொருக்குப்பேட்டைக்கு மாற்றிக்கொண்டார், சேரில் உட்கார்ந்தவன் கண் சொருகி விழுகிறான், கத்தி வைக்கவே பயமாக இருக்கிறது என்று. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற வேலை வருஷாவருஷம் ஃபிலோமினாவுக்குத்தான் வரும்; அளவு கொடுக்கப் பிள்ளைகளைச் சந்துக்குள் கூட்டிவர அம்மாக்கள் பயப்படுகிறார்கள் என்று ஆயா வந்து துணிக்கட்டை எடுத்துக்கொண்டு போனாள், திட்டக்கூட இல்லை, பாவமாகப் பார்த்துக்கொண்டே எடுத்தாள், அதற்குத் திட்டியிருக்கலாம். மூன்றாம் வீட்டு வேலாயுதத்தின் பையன் ஒரு பீடிகூடப் பிடிக்காதவன், கூரியர் ஆபீஸில் வேலை நிச்சயமாகி, ஆதாரில் உப்புக்கிடங்குச் சந்து என்று பார்த்ததும் அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார்களாம், இன்னும் கூப்பிடவில்லை. மலர்க்கொடியைப் பெண் பார்க்க வந்தவர்கள் முனையிலேயே விசாரித்துவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். எங்கே எது காணாமல் போனாலும் ஜீப் இங்கேதான் வரும், தாடி வைத்தவனையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகும், வக்கீலுக்காகக் கொலுசு, தோடு, குத்துவிளக்கு என்று ஒவ்வொரு வீடாகக் காலியாகும். வேன் டிரைவர் மகன் ஆசீர், பாட்டுக் கோஷ்டியில் நல்ல குரல், ஒரே ஒரு மாத்திரை அட்டைக்காக நடந்த சண்டையில் கத்திக்குத்தில் செத்தான். சாவுக்கு மேளம் வைத்தார்கள். ஆட வந்த பையன்களில் பாதிப் பேர் ஆடும்போதே நின்றவாக்கில் தூங்கினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஃபிலோமினாவுக்கு அப்போதும் தன் வீட்டில் ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பு. மெஷின் அடுத்த வாரம்தான் போயிற்று. "ரிப்பேருக்குக் குடுத்துக்கீறேன்மா" என்றான். அவளும் சாயங்காலம் வரைக்கும் நம்பினாள், எண்ணெய் போட வேண்டும் என்று அவளேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர். தொழிற்பேட்டைச் சுவர்கள் ஓடின. அவளுக்கு வேண்டாதது வந்துகொண்டிருந்தது, வராதே என்றால் நிற்கிறதா. அன்று காலை பத்து பதினொரு மணி இருக்கும். மெஷின் இல்லாமல் கையாலேயே ஒரு புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் ஏதோ விழுகிற சத்தம், பூனை என்று நினைத்தாள், இன்னும் இரண்டு தையல் போட்டாள். அந்த இரண்டு தையல். போய்ப் பார்த்தால் குளியலறைக் கதவுக்கு வெளியே ஜெரால்டின் கால், உதடு நாவற்பழம் தின்ற மாதிரி. அவள் கத்தினது எதிர்வீட்டுக்குக் கேட்டது. ஓடிவந்தது கஜா. ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறும் கால். அன்று மெஷினைத் தூக்கின அதே மாதிரி இவனைத் தூக்கிக்கொண்டு முனை வரைக்கும் ஓடினான், சந்துக்குள் ஆட்டோ எதுவும் வருவதில்லை என்று ஆகிப்போயிருந்ததால். பெரியாஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம், "என் தம்பி சார், என் தம்பி சார்" என்று அழுதான். அந்த நேரத்தில் கோமளா தன் வீட்டுப் பரணில் ஏறியிருக்கிறாள். அவளுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம் இருந்திருக்கும்போல, ஏறிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. பழைய துணிக்குள் சுற்றி வைத்திருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து மார்க்கெட் கூடையில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டாமல், நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய் மேஜைமேல் கொட்டினாள். "இது என் புள்ளையோடது. ஆஸ்பத்திரில கீறான். போய்க் கூட்டிக்கினு வாங்க, அடிக்காம கூட்டிக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேர் வந்து கஜாவின் கையைப் பிடித்தபோது ஃபிலோமினா பக்கத்தில்தான் நின்றாள். அவன் ஓடவில்லை, திமிறவில்லை. "ஃபிலோம்மா, அவன் கண்ணு தொறந்தான்னா எங்கம்மாவாண்ட சொல்லிவிடு, நான் கேட்டுக்கறேன்" என்றான். யார் சொல்லி வந்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்கும் அப்போது தெரியாது.

ஜெரால்டு பிழைத்தான். கோமளாவை யாரும் பிழைக்க விடவில்லை. பெற்றவளே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றார்கள், அவர்களில் பாதிப் பேர் அந்த மாத்திரையால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். காலையில் அவள் ஆப்பக்கடை முன்னால் நிற்கிற வரிசை இல்லாமல் போயிற்று. மாவு புளித்துப் புளித்துச் சாக்கடைக்குப் போனது. யாரோ கதவில் கல் எறிந்தார்கள். ஃபிலோமினாவுமே முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம், ஜன்னல் கதவைச் சாத்தியே வைக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் கோமளா ஆஸ்பத்திரிக்குக் கஞ்சியோடு வந்து, கட்டிலுக்கு அருகில் வராமல் வார்டு வாசலிலேயே நின்றாள். "நான் வளத்ததுதான்டி இவனை இப்டிப் படுக்க வெச்சுது. திட்டணும்னா திட்டிடு. பேசாம மட்டும் இருக்காத" என்றாள். ஃபிலோமினா கஞ்சியை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த ஆப்பத்தை வாங்குவது அவள் ஒருத்திதான், காலையிலும் அதுதான், மத்தியானமும் அதுதான். கஜா போன பிறகு சந்து கொஞ்ச நாள் நிசப்தமாக இருந்தது. முடிந்தது என்று நினைத்தார்கள். ஒரு சாயங்காலம் கோமளா ஜன்னலைக் காட்டினாள். லைட் கம்பத்துக்குக் கீழே, கஜா நின்ற அதே இடத்தில், அதே மாதிரி ஒரு காலை மடக்கிக் கம்பத்தில் ஊன்றிக்கொண்டு வேறு ஒருத்தன். யாரென்றே தெரியாத முகம். பின்னால் பூட்டின கிளப். "எம்புள்ளையக் குடுத்தும் எடம் காலியாவல பாத்தியா" என்றாள் கோமளா. அழக்கூட இல்லை.

பெரம்பூர் வந்துவிட்டது. இனி எல்லாம் சீக்கிரம் சீக்கிரம் வந்துவிடும். கூடுவாஞ்சேரியில் தம்பி ஆரோக்கியம் இருக்கிறான், மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, "வர்றதானா வந்துடுக்கா, யோசிச்சுக்கினு இருக்காத" என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். அங்கே கடல் காற்று இல்லை, மாதா கோயில் மணி இல்லை, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது, அங்கே போய் யாரைத் தெரியும், யார் துணி தைக்கக் கொடுப்பார்கள். இங்கே என்றால் இவள் இருமினாலே யாராவது என்னம்மா என்பார்கள். என்பார்களா? என்றார்கள். எப்போது கடைசியாகக் கேட்டார்கள்? மலர்க்கொடி வீட்டில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேலாயுதம் குடும்பம் போகப்போகிறது. ஆசீரின் அம்மா கதவைத் திறப்பதே இல்லை. அவள் திரும்பிப் போக ஆசைப்படுகிற சந்தில் ஆள் நிறைய இருந்தார்கள், பல்பு எரிந்தது, டக் டக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சந்து ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கினால் வருகிற சந்து இல்லை. அங்கே இருப்பது கோமளா ஒருத்தி. குழம்பு கொதித்து இறக்கியிருப்பாள், மூடி வைத்திருப்பாள், வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவளும் போய்விட்டால் அந்தப் பெண்ணோடு ஒரு வார்த்தை பேச யார் இருக்கிறார்கள். என் பிள்ளை இன்று என் தோளில் தூங்குகிறான் என்றால் அவள் தன் பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்ததால்தானே. வியாசர்பாடி ஜீவா. தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் துணி காய்ந்தது. ஜெரால்டு விழித்திருந்தான். எப்போது விழித்தான் என்று அவள் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல், எதிர் சீட்டின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மடியில் இருந்தது, கட்டைவிரல் நகத்தை ஆள்காட்டிவிரலால் சுரண்டிச் சுரண்டி. இல்லத்துக்குப் போகும் முன் இப்படித்தான் சுரண்டுவான், ரத்தம் வரும் வரைக்கும். காலையிலிருந்து ஒரு முறைகூடச் சுரண்டவில்லையே, ஆவடியில்கூட இல்லையே. பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் சிக்னலுக்காக வண்டி சும்மா நின்றது. வண்ணாரப்பேட்டையில் நின்றது. அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். எழுந்திரு என்று சொல்ல வேண்டும், கதவுப் பக்கம் போய் நிற்க வேண்டும், கூட்டம் இருக்கும்.

ராயபுரம் வந்தது. பழைய பெரிய கட்டடம், தூண்கள், பிளாட்பாரத்தில் மீன் கூடையோடு இரண்டு பெண்கள். தெரிந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, அவள் நெஞ்சு முழுக்க வந்தது. ஜெரால்டு எழுந்திருக்கவில்லை. அவன் எழுந்தால் நாமும் எழுந்துவிடலாம் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் பிளாட்பாரத்தில் யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான், ஜன்னலின் கீழ்க்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தான். மீன்காரப் பெண்கள் ஏறினார்கள். வண்டி ஒரு இழுப்பு இழுத்தது. தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"ராயபுரம் போயிடுச்சும்மா" என்றான் மெதுவாக.

"பாத்தேன்."

"டிக்கெட் இதுவரைக்கும்தான எடுத்த?"

"கேட்டா கட்டிக்கலாம்."

அவன் கம்பியை விட்டான். மூச்சை விட்டான், அது அவளுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவன் எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை.

பீச் ஸ்டேஷனில் டிக்கெட்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கூடுவாஞ்சேரிக்கு டிக்கெட் எடுத்து, செங்கல்பட்டு வண்டி வரும் பிளாட்பாரத்தில் சிமென்ட் பெஞ்சில் அவனை உட்காரவைத்துவிட்டு, ஃபிலோமினா சற்றுத் தள்ளிப் போய் கோமளாவுக்கு போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"எங்கடி கீற? ஆறிடப்போவுது."

"கோமு, பீச்சுல கீறேன்."

 போனில் எங்கோ ஒரு குழந்தை அழுவது கேட்டது, சந்தில்தான் இருக்க வேண்டும்.

"தம்பி வீட்டுக்கா?"

"ஆமா. எறங்கணும்னுதான் இருந்தேன் கோமு. சத்தியமா எறங்கணும்னுதான்."

"சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவீங்க?"

"போய்ப் பாத்துக்கலாம்."

"வெறும் வயித்தோட மாத்திரை குடுக்காத அவனுக்கு." கோமளாவின் குரலில் ஒன்றுமே மாறவில்லை. "துணிமணி எடுக்க நீ மட்டும் வா, ஒரு நாள் பகல்ல. அவனக் கூட்டிக்கினு வராத."

"நீயும் வந்துடேன் கோமு. அங்க ரூம் பெருசாத்தான் கீது. ரெண்டு பேரும் சேந்து ஆப்பம் போட்டாக்கூட..."

"நான் வந்துட்டா புழலுக்கு யாரு போவா?" என்றாள் கோமளா. "அவன் வெளிய வர்ற அன்னிக்கு நேரா இங்கதான் வருவான். கதவு தட்டறப்ப தொறக்க ஆளு வேணாமா? தொறந்து, அவனையும் எங்கனாச்சும் இட்டுக்கினு போவணும். அதுவரைக்கும் இருக்கேன்."

வண்டி வருகிற அறிவிப்பு காதைப் பிளந்தது. அதற்குப் பிறகு கோமளா சொன்னது கேட்கவில்லை. ஃபிலோமினா, "கேக்கல, கோமு, கேக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்னாலிருந்து ஜெரால்டு வந்து பையை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.